மூன்று தொகுதிகளுக்கு நடுவே ஒரு மலை

எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்ற கணக்கு தமிழ்நாட்டில் டீக்கடை பெஞ்சு வரை மனப்பாடம். 2021 தேர்தலில் உதயசூரியன் சின்னத்தில் 133 பேர், இரட்டை இலையில் 66 பேர், காங்கிரஸ் 18, பா.ம.க. 5, பா.ஜ.க.வும் விடுதலைச் சிறுத்தைகளும் நான்கு நான்கு, கம்யூனிஸ்ட் கட்சிகள் இரண்டும் இரண்டிரண்டு. கூட்டினால் 234. வாக்கு எண்ணும் நாளில் நாம் ராத்திரி வரை விழித்திருந்து பார்ப்பது இந்தக் கூட்டலைத்தான். ஆனால் வாக்குப்பெட்டி திறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே இன்னொரு கணக்கு போட்டு முடிக்கப்பட்டிருக்கிறது. அவைக்கு மொத்தம் எத்தனை இடம், எந்த ஊர் எந்தத் தொகுதியில் சேரும், எந்தத் தொகுதியில் யார் வேட்பாளராக நிற்கலாம், யார் நிற்கவே முடியாது என்பதெல்லாம் அந்த முதல் கணக்கில் அடங்கியவை. அதை யாரும் விழித்திருந்து பார்ப்பதில்லை. அரசிதழில் வெளியாகும்போது அதைப் படிப்பவர்கள் கட்சி அலுவலகங்களில் நாலு பேர், நீதிமன்றத்தில் நாலு பேர். கட்சிகளின் பலத்தைத் தீர்மானிப்பது மக்கள் என்றால், எந்த மக்கள் அவையின் கண்ணில் படுவார்கள் என்பதைத் தீர்மானிப்பது இந்த முதல் கணக்கு. திருச்சி மாவட்டத்துப் பச்சைமலையின் நூறாண்டுக் கதை இதற்குச் சான்று.

பச்சைமலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. தெற்கிலும் மேற்கிலும் திருச்சி மாவட்டத்தின் துறையூர், உப்பிலியபுரம் பக்கம், கிழக்கில் பெரம்பலூர், வடக்கில் சேலம் மாவட்டத்தின் கெங்கவல்லி பக்கம் என்று மூன்று மாவட்டங்களுக்குள் அது பிரிந்து கிடக்கிறது. மேலே வாழ்பவர்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியில் சேர்ந்த மலையாளிகள். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட அண்ணன் தம்பி மூவரில் நடுவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் போனதாக இவர்களின் வழக்காறு சொல்லும். மூத்தவர் எந்த மலைக்குப் போனார் என்பதில் கதைக்குக் கதை வேறுபாடு உண்டு. வண்ணாடு, தென்பரநாடு, கோம்பை என்று மலையின் பகுதிகளுக்கு இன்றும் பழைய நாட்டுப் பெயர்களே வழங்குகின்றன. இனி சட்டமன்ற வரைபடத்தைப் பாருங்கள். திருச்சிப் பக்கத்து மலை துறையூர் தொகுதியில் இருக்கிறது, சேலம் பக்கம் கெங்கவல்லியில், பெரம்பலூர்ப் பக்கம் பெரம்பலூரில். மூன்றும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகள். 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி பட்டியல் சாதித் தொகுதியில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் மட்டுமே போட்டியிடலாம். பழங்குடியினர் வேறு பட்டியல் என்பதால் அங்கே அவர்கள் வேட்புமனுவே தாக்கல் செய்ய முடியாது. ஆக, பச்சைமலையில் பிறந்த பழங்குடிப் பெண்ணோ ஆணோ தன் மலை அடங்கிய தொகுதி எதிலும் சட்டமன்ற வேட்பாளர் ஆக முடியாது. வாக்களிக்கலாம், அவ்வளவுதான். ஒதுக்கீட்டின் நோக்கத்தோடு இது நேருக்கு நேர் முரண்படுகிறது, ஆனாலும் சட்டப்படி எல்லாம் சரியாகவே நடந்திருக்கிறது.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1920இல் தேர்தல் நடந்து அமைந்த சென்னை மாகாணச் சட்டசபையில் 127 உறுப்பினர்கள். அவர்களில் 98 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 29 பேர் நியமிக்கப்பட்டவர்கள். பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்ததையும் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்ததையும் நம் அரசியல் வரலாற்று நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. நியமன உறுப்பினர்களைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. பறையர், பள்ளர், சக்கிலியர் முதலான சமூகங்களின் சார்பில் ஐந்து பேர், ‘பின்தங்கிய நிலப்பகுதிகள்’ சார்பில் ஒருவர் என்று ஒரு ஏற்பாடு அதில் இருந்தது. அந்த ஓரிடம்தான் மலைவாழ் மக்களுக்கு மாகாண அவையில் கிடைத்த முதல் இருக்கை எனலாம். ஆனால் ‘பின்தங்கிய நிலப்பகுதிகள்’ என்று சர்க்கார் மனத்தில் வைத்திருந்தது வடக்கே கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி மாவட்டங்களில் தனி நிர்வாகத்தின் கீழ் இருந்த ‘ஏஜென்சி’ மலைகளை. பச்சைமலை சாதாரணமான திருச்சினாப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்ததால் அந்தக் கணக்கிலும் வரவில்லை. வாக்குரிமையோ சொத்தையும் வரியையும் ஒட்டியது. நாலு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட மாகாணத்தில் சுமார் 12.5 லட்சம் பேருக்குத்தான் அது இருந்தது. மலையில் புன்செய் உழுதவர்கள் அந்தப் பட்டியலில் எத்தனை பேர் ஏறியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம் 215 உறுப்பினர் கொண்ட சட்டமன்றத்தை அமைத்தது. பொது இடங்கள் 146, அவற்றில் 30 பட்டியல் சாதியினருக்கு. முஸ்லிம்களுக்கு 28, இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 8, பெண்களுக்கு 8, வணிகத்துக்கு 6, தொழிலாளருக்கு 6, நிலப்பிரபுக்களுக்கு 6, ஐரோப்பியருக்கு 3, ஆங்கிலோ இந்தியருக்கு 2, பல்கலைக்கழகத்துக்கு 1, ‘பின்தங்கிய பகுதிகள், பழங்குடிகள்’ என்ற பெயரில் 1. இந்த அடுக்கைப் பார்த்தால் ஒரு சமூகத்தின் சித்திரமே தெரிகிறது. மாகாணத்திலேயே விரல்விட்டு எண்ணத்தக்க ஜமீன்தார்களுக்கு ஆறு இடம், அத்தனை மலைகளுக்கும் சேர்த்து ஒன்று. 1937 தேர்தலில் காங்கிரஸ் 159 இடங்களை வென்றது என்பது நம் நினைவில் நிற்கிறது, இந்த அடுக்கு நினைவில் நிற்பதில்லை.

1952இல் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வந்தது. பச்சைமலைக்காரர்களின் கையிலும் அப்போதுதான் வாக்குச்சீட்டு வந்தது. அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 இடங்கள், 309 தொகுதிகள். அவற்றில் 66 தொகுதிகள் இரட்டை உறுப்பினர் தொகுதிகள், 62 பட்டியல் சாதிக்கும் 4 பழங்குடிக்கும். அந்தத் தேர்தல் இந்தக் கட்டுரையின் வாதத்துக்கு முக்கியமான ஒரு பாடத்தை வைத்திருக்கிறது. காங்கிரஸ் 152 இடங்களோடு பெரும்பான்மை இல்லாமல் நின்றது. எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும் மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றிருந்தன. இரண்டும் தென்னார்க்காடு, வடஆர்க்காடு பகுதியில் வன்னியர் ஆதரவில் எழுந்தவை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரான ராஜாஜியின் அமைச்சரவையில் மாணிக்கவேலு நாயக்கர் இடம்பெற்றார். 1954இல் காமராஜர் அமைச்சரவையில் ராமசாமிப் படையாட்சியும் சேர்ந்தார். அதிக வாக்கு பெற்றவர் வெற்றி என்னும் நம் தேர்தல் முறை, ஒரே வட்டாரத்தில் செறிந்து வாழும் சமூகத்துக்கு இப்படி வாரி வழங்கும். சிதறி வாழ்பவர்களுக்கு எதையும் கொடுக்காது. மலையாளிகள் சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது, சித்தேரி என்று மலைக்கு மலை பிரிந்தவர்கள். இன்று தமிழ்நாட்டுப் பழங்குடியினரில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இவர்கள், 2001 கணக்கெடுப்பில் மூன்று லட்சத்துக்கு மேல். ஆனால் எந்த வட்டாரத்திலும் ஒரு தொகுதியைத் தங்கள் பலத்தால் மட்டும் வெல்லும் அளவுக்கு அவர்கள் இல்லை. அவர்களுக்கென ஒரு கட்சி எழாமல் போனதற்கு விழிப்புணர்வுக் குறைவைக் காரணம் காட்டுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

இரட்டை உறுப்பினர் தொகுதியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர முடியாது, ஏனென்றால் இன்றைய முட்டுச்சந்தின் வேர் அதன் ஒழிப்பில் இருக்கிறது. அந்த முறையில் ஒரே தொகுதியிலிருந்து இருவர் தேர்வாவார்கள். ஓரிடம் ஒதுக்கப்பட்டது, மற்றது யாருக்கும் திறந்தது. 1957 மக்களவைத் தேர்தலில், ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தின் ஏஜென்சியை ஒட்டியிருந்த பார்வதிபுரம் தொகுதியில் வி.வி. கிரி போட்டியிட்டார். 1937இல் ராஜாஜியின் அமைச்சரவையில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர், பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர். அங்கே பழங்குடியினருக்கான இடத்தை ஒரு பழங்குடி வேட்பாளர் பெற்றார். பொது இடத்தையும் கிரியை முந்தி இன்னொரு பழங்குடி வேட்பாளரான திப்பல சூரி தோரா பெற்றுவிட்டார். கிரி வழக்குப் போட்டார். ஒதுக்கப்பட்ட இடம் குறைந்தபட்சப் பாதுகாப்பு, அதற்கு மேல் போகக்கூடாது என்ற தடை ஆகாது என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1959இல் தோராவின் வெற்றியை உறுதிசெய்தது. 1961இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி இரட்டைத் தொகுதிகளையே ஒழித்தது. தொகுதிகள் அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கின்றன, செலவு அதிகம் என்ற காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் உண்மை இருக்கலாம். ஆனால் அதன் விளைவாக ஒரு தொகுதி, ஒரு இருக்கை, ஒரு பட்டியல் என்ற இறுக்கம் வந்தது. ஒரு தொகுதியை ஒரு பிரிவுக்கு ஒதுக்கினால் மற்ற எல்லோருக்கும் கதவு அடைபடும். முன்னேறிய சாதிக்காரருக்கு அடைபட்டால் அவருக்குப் பக்கத்துத் தொகுதி இருக்கிறது. பச்சைமலைப் பழங்குடிக்கோ பக்கத்துத் தொகுதியும் அடைபட்டிருக்கிறது.

ஆந்திரம் பிரிந்த பிறகு ஏஜென்சி மலைகளும் போய்விட்டன. 1957இல் 205 இடங்களில் பழங்குடியினருக்கு ஒன்றுதான். 1965ஆம் ஆண்டின் மறுவரையறையில் அவை 234 ஆனது, பழங்குடி இடம் இரண்டானது. 1977 தேர்தல் வந்தபோது மூன்று: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம். சேர்வராயனுக்கு ஒன்று, கொல்லிமலைக்கு ஒன்று, பச்சைமலைக்கு ஒன்று என்று அது அமைந்தது. 1977 முதல் 2006 வரை எட்டுப் பொதுத் தேர்தல்கள் உப்பிலியபுரத்தில் இந்த ஏற்பாட்டில் நடந்தன. கட்சி வாரியாகப் பார்த்தால் தொகுதி மாநிலத்தின் காற்றோடுதான் சாய்ந்தது. 1991இல் அ.தி.மு.க., 1996இல் தி.மு.க., 2001இல் மறுபடி அ.தி.மு.க., 2006இல் தி.மு.க. என்று கடைசி நான்கு தேர்தல்களிலும் ஆட்சியைப் பிடித்த கட்சியே அங்கும் வென்றது. அதன் கடைசி இரண்டு உறுப்பினர்களும் பெண்கள். அ.தி.மு.க.வின் ஆர். சரோஜா 1984இலும் 2001இலும் வென்றவர், தி.மு.க.வின் ஆர். ராணி 2006இல் வென்றவர். மகளிர் ஒதுக்கீட்டுக்கு அப்போது சட்டமில்லை. 2023இல் வந்த மகளிர் ஒதுக்கீட்டுத் திருத்தம் பழங்குடி இடங்களிலும் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்குத் தரச் சொல்கிறது. இருப்பதே இரண்டு இடம் என்னும்போது அதில் மூன்றில் ஒரு பங்கை எப்படிப் பிரிப்பார்களோ தெரியவில்லை.

இனி 2008ஆம் ஆண்டு மறுவரையறை. அரசமைப்புச் சட்டத்தின் 332ஆவது கூறு, பட்டியல் சாதிக்கும் பழங்குடிக்கும் சட்டமன்றத்தில் மக்கள்தொகை விகிதத்தை ‘கூடியவரை’ ஒட்டி இடம் தரச் சொல்கிறது. மொத்த இடங்களின் எண்ணிக்கை 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் உறைந்து கிடந்தாலும், 2003இல் வந்த 87ஆவது திருத்தத்தால் மாநிலத்துக்குள் எல்லைகளையும் ஒதுக்கீட்டையும் 2001 கணக்கெடுப்பின்படி திருத்தினார்கள். அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6,24,05,679, பழங்குடியினர் 6,51,321. விகிதம் 1.04 சதவீதம். 234ஆல் பெருக்கினால் 2.44 வருகிறது. அரைக்கு மேல் போயிருந்தால் மூன்று, போகாததால் இரண்டு. மூன்றாவது இடத்துக்கு வேண்டியிருந்தது 2.5. அதற்குச் சுமார் 6,66,700 பழங்குடியினர் இருந்திருக்க வேண்டும். குறைந்தது ஏறக்குறைய 15,400 பேர். மாநிலத்தின் மூலைமுடுக்கு எல்லாம் எண்ணி இவ்வளவு பேர் குறைந்ததால் உப்பிலியபுரம் தொகுதி கலைக்கப்பட்டது, அந்தப் பகுதி துறையூரோடு சேர்ந்தது. பட்டியல் சாதியினருக்கு அதே கணக்கில் 44.46 வந்து இடங்கள் 42இலிருந்து 44 ஆயின. அதுவரை பொதுத் தொகுதியாக இருந்த துறையூர் தனித்தொகுதி ஆனது. திருச்சி மாவட்டத்தின் ஒன்பது தொகுதிகளில் இன்று ஒதுக்கீடு உள்ளது துறையூரில் மட்டும்தான். அதே மறுவரையறைக்குப் பிந்திய முதல் தேர்தலில், 2011இல், இதே மாவட்டத்து ஸ்ரீரங்கத்தில் ஜெயலலிதா நின்று வென்றார், அது முதல்வர் தொகுதியானது. அறுபது எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மலை தன் தொகுதியை இழந்ததை அந்த ஆரவாரத்தில் யார் கவனித்தார்கள்?

அந்த 15,400 பேரைப் பற்றி மேலும் ஒன்று சொல்ல வேண்டும். யாரைப் பழங்குடி என்று எண்ணுவது என்பதே குடியரசுத் தலைவர் ஆணை சம்பந்தப்பட்ட விஷயம். மலையாளிகள் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சி ஆகிய பழைய மாவட்டங்களில் மட்டும் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் அதே பெயரோடு வாழ்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை, பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நரிக்குறவர்கள் 2023இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தார்கள். திருவெறும்பூர் பக்கத்துத் தேவராயனேரி நரிக்குறவர் குடியிருப்பு திருச்சிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் 2001இலும் 2011இலும் பழங்குடியாக எண்ணப்படவில்லை. ஆக, இம்மியளவு வித்தியாசத்தில் பறிபோன ஓர் இடம், எண்ண வேண்டியவர்களில் சிலரை எண்ணாமல் போட்ட கணக்கில் பறிபோயிருக்கிறது.

பச்சைமலைக்கு மீண்டும் ஒரு பழங்குடித் தொகுதி வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் வலுவில்லாதவை ஆகா. முதலாவது, எண்ணிக்கை. திருச்சி மாவட்ட மக்களில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியிருக்க ஒரு தொகுதியையே அவர்களுக்கு ஒதுக்கி, சமவெளியில் வாழும் பெரும்பான்மையினரில் ஒருவரும் நிற்க முடியாதபடி செய்வது எந்த நியாயம்? கேள்வி சரியானதே. ஆனால் தமிழ்நாடு இன்று டெல்லியிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். மக்களவை இடங்களை மக்கள்தொகையை மட்டும் வைத்துப் பிரித்தால் தென்மாநிலங்களின் குரல் அமுங்கிவிடும் என்று 2025 மார்ச் 22 அன்று சென்னையில் பல மாநிலத் தலைவர்களைக் கூட்டி வைத்துப் பேசினோம். தலையெண்ணிக்கை மட்டுமே குரலின் அளவாக இருக்கக்கூடாது என்பதே அந்த வாதத்தின் சாரம். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலத்தின் நிலையும் காலங்காலமாகச் சிறிதாகவே இருந்த ஒரு மலைச்சமூகத்தின் நிலையும் ஒன்றல்ல என்பது உண்மை. என்றாலும் டெல்லியில் நாம் கேட்கும் நியாயத்தைச் சென்னையில் பச்சைமலை கேட்டால், ‘கணக்கு அப்படித்தான் வருகிறது’ என்று பதில் சொல்லும் தகுதி நமக்கு இல்லை.

இரண்டாவது வாதம் இன்னும் கூர்மையானது. உப்பிலியபுரம் இருந்த காலத்தில் மலைக்கு என்ன வந்தது? வென்றவர்கள் கட்சிக்காரர்கள். அவர்களை வெல்ல வைத்தது அடிவாரத்து வாக்கு. 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்த பிறகு கொறடா சொன்ன பக்கம் கை தூக்குவதைத் தவிர ஒரு தனி உறுப்பினர் என்ன செய்ய முடியும்? இதை ஒரேயடியாக மறுக்க எனக்கு மனமில்லை. பூனா ஒப்பந்தம் 1932இல் தனி வாக்காளர் தொகுதியைக் கைவிட்டுக் கூட்டு வாக்காளர் முறையை ஏற்ற நாள்முதல் எல்லா ஒதுக்கீட்டுத் தொகுதிகளுக்கும் உள்ள சிக்கல் இது. ஒதுக்கப்பட்டவர் நிற்பார், தேர்ந்தெடுப்பவர் வேறொருவர். ஆனால் கொறடா கட்டுப்படுத்துவது வாக்கெடுப்பை மட்டும்தான். கேள்வி நேரத்தில் மலைப்பாதையைப் பற்றிக் கேட்பதையும், வன உரிமைப் பட்டா ஏன் தாமதமாகிறது என்று துறை மானியக் கோரிக்கையில் பேசுவதையும் எந்தக் கொறடாவும் தடுப்பதில்லை. அதைவிட முக்கியமானது கட்சிக்குள் நடப்பது. ஒரு தொகுதி பழங்குடிக்கு என்று ஆகிவிட்டால் ஒவ்வொரு கட்சியும் அந்த மலையில் ஆள் தேடியாக வேண்டும், வளர்த்தாக வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மேடையேற்றியாக வேண்டும். அந்தக் கட்டாயம் போனதும் ஒன்றியச் செயலாளர்களின் பார்வை அடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. பொதுத் தொகுதியில் பழங்குடியினரை நிறுத்தும் பெரிய கட்சியைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும். மக்களவையிலோ நம் மாநிலத்தின் 39 இடங்களில் பழங்குடிக்கு ஒன்றுகூட இல்லை.

உள்ளாட்சி இருக்கிறதே, ஊராட்சித் தலைவராகலாமே என்பார்கள். ஆகிறார்கள், நல்லதே. ஆனால் வனம், நிலம், சாலை, பள்ளி ஆகியவற்றின் முடிவுகள் ஊராட்சியில் எடுக்கப்படுவதில்லை. பழங்குடி கிராமசபைகளுக்கு அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தும். தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி என்று எதுவும் அறிவிக்கப்படவில்லை. 1919இல் ‘பின்தங்கிய நிலப்பகுதி’ பட்டியலுக்கு வெளியே நின்ற பச்சைமலை இதற்கும் வெளியேதான் நிற்கிறது. ஐந்தாம் அட்டவணை சொல்லும் பழங்குடியினர் ஆலோசனைக் குழு தமிழ்நாட்டில் உண்டு. அதிகபட்சம் இருபது பேர், அவர்களில் முக்கால் பங்கு சட்டமன்றத்தின் பழங்குடி உறுப்பினர்களாக இருக்க வேண்டும் என்பது விதி. இருபதில் முக்கால் பங்கு பதினைந்து, சட்டமன்றத்தில் இருப்பதோ இரண்டு. மிச்ச இடங்களை மற்றப் பழங்குடியினரைக் கொண்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று அட்டவணையே இடம் தருகிறது. அதாவது, தேர்தல் வழியாக வந்திருக்க வேண்டியவர்களின் நாற்காலிகளில் அரசு தேர்ந்தெடுத்தவர்கள் உட்காருகிறார்கள். நூறாண்டுக்குப் பிறகும் மலைக்குக் கிடைப்பது நியமனம்தான்.

துறையூரும் கெங்கவல்லியும் பெரம்பலூரும் பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டதில் குறை காண்பதாக இதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த 44 இடங்கள் அவர்களுக்கு உரியவை, ஒன்றும் குறையக்கூடாது. சிக்கல், இரண்டு பட்டியல்களுக்கும் தனித்தனியே கணக்கிட்டு வரைபடத்தில் வைத்தபோது, ஒன்றின் பாதுகாப்பு மற்றொன்றின் மேல் கதவாக விழுகிறதா என்று பார்க்க யாருக்கும் பொறுப்பு தரப்படாததில் இருக்கிறது. பழங்குடித் தொகுதியை அவர்களின் விகிதம் மிக அதிகமாக உள்ள இடத்தில் அமைக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டு மறுவரையறைச் சட்டம். ஏற்காடும் சேந்தமங்கலமும் நிலைத்தது அந்த விதியால்தான். மூன்றாவது இடம் கிடைத்தாலும் அது பச்சைமலைக்கே வரும் என்று யாரும் உறுதி கூற முடியாது, கல்வராயனுக்கும் உரிமை உண்டு. ஆனால் விகிதம் என்பது கோடு எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மூன்று மாவட்ட எல்லைகளால் மூன்றாகக் கிழிந்த மலையில் எந்தத் துண்டிலும் விகிதம் சொற்பமாகத்தான் இருக்கும். மூன்று துண்டையும் ஒரே தொகுதியில் சேர்த்தால் எண் வேறாகும்.

வேறு நாடுகளிலும் நம் நாட்டிலேயே வேறு மாநிலங்களிலும் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1867 முதல் மாவோரி மக்களுக்கெனத் தனித் தொகுதிகள் உண்டு. பொதுத் தொகுதிகளின் மேலே விரித்த இன்னொரு வரைபடம் அது. நான்கில் தொடங்கி இன்று ஏழாகியிருக்கிறது. சிக்கிம் சட்டமன்றத்தின் 32 இடங்களில் ஒன்று புத்த மடாலயத் துறவிகளுக்கானது, அதற்கு நிலப்பரப்பே இல்லை. அதை எதிர்த்த வழக்கில் 1993இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், தனி வாக்காளர் தொகுதி என்ற பழைய சண்டை மீண்டும் கிளம்பும் என்று அஞ்சுபவர்களுக்கு கோவா இருக்கிறது. அங்கே கௌடா, குன்பி, வேளிப் சமூகங்கள் 2003இல்தான் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தன. 2001 கணக்கெடுப்பில் அவர்கள் எண்ணப்படாததால் 40 உறுப்பினர் அவையில் பழங்குடிக்கு ஓரிடமும் இல்லாமல் போயிற்று. இதைத் திருத்த 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கோவாவுக்கென்று தனிச் சட்டமே நிறைவேற்றியது. பொது மறுவரையறை வரும்வரை காத்திருக்கச் சொல்லவில்லை. பட்டியலில் பிந்திச் சேர்ந்தவர்களையும் கணக்கில் கொண்டு இடங்களைத் திருத்தியமைக்க வழி செய்தது. கோவாவில் விடுபட்டவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது, தமிழ்நாட்டில் சிறிது. ஆனால் நமக்குத் தேவையான எண்ணும் சிறிதுதான்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030, பழங்குடியினர் 7,94,697. 234ஆல் பெருக்கிப் பார்த்தால் 2.58. அரையைத் தாண்டிவிட்டது. பர்கூர் மலையைச் சேர்க்காமலே, நரிக்குறவர்களை எண்ணாமலே மூன்று வருகிறது. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கோவாவுக்குச் செய்ததை எங்களுக்கும் செய்யுங்கள் என்று தமிழ்நாடு சட்டமன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றக் கட்சி வேற்றுமை தடையாக இருக்கக் காரணமில்லை. 1977க்குப் பிறகு உப்பிலியபுரத்தில் வென்ற இரண்டு பெரிய கட்சிகளும் அந்த அவையில் இருந்துவந்தவையே. தீர்மானத்தோடு, பச்சைமலையின் மூன்று பக்கங்களையும் ஒரே தொகுதிக்குள் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கையையும் அடுத்த மறுவரையறை ஆணையத்தின் முன் எழுத்தில் வைக்க வேண்டும். வரைவு வெளியாகி ஆட்சேபணை கேட்கும் நாட்களில் துறையூரிலிருந்தும் கெங்கவல்லியிலிருந்தும் பெரம்பலூர்ப் பக்கத்து வேப்பந்தட்டையிலிருந்தும் மனுக்கள் போகட்டும்.